குத்தின் பலம் எங்கே இருக்கிறது? குத்துச்சண்டையும் எம்.எம்.ஏ.வும்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது நான் நழுவத்தான் பார்த்தேன். எனக்குக் கவிதை வராது. காதல் கவிதை எழுதப் போதுமான ஆட்கள் சிவில் துறையில் இருக்கிறார்கள். "அப்படின்னா லேப்ல படிச்சதை எழுது" என்றார். லேபில் படித்ததை வீட்டு வாசலில் செய்து பார்த்த கதை ஒன்று என்னிடம் உண்டு. அதையே எழுதுகிறேன். கணக்கு வரும், பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!

என் பெரியப்பா மகன் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் முதலாண்டு ஃபீஸில் பாதி, அந்த அண்ணனின் சனிக்கிழமைச் சம்பளம். அப்பா அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் சுத்தியல் பிடிக்கிறவர். இந்த இரண்டு பேரும் இந்தக் கட்டுரையில் கடைசி வரை வருவார்கள்.

2021-ல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்ததல்லவா? அண்ணன் அதைச் செல்போனிலேயே நாலு தடவை பார்த்தார். கதை கற்பனை. ஆனால் அந்தப் பரம்பரைகள் நிஜம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று குத்துச்சண்டை போட்டிருக்கிறார்கள். 'ரோஷமான குத்துச்சண்டை' என்றே அதற்குப் பெயர். 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். பின்னால் நம் தமிழ்நாட்டு தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஆண்டே அர்ஜுனா விருதும் கிடைத்தது.

படம் பார்த்த வேகத்தில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜிம்முக்குப் போக ஆரம்பித்தார். அங்கே குத்துச்சண்டையும் உண்டு, எம்.எம்.ஏ. என்கிற கலப்புத் தற்காப்புக் கலையும் உண்டு. எம்.எம்.ஏ.வில் குத்தலாம், உதைக்கலாம், முட்டி முழங்கையால் அடிக்கலாம், கீழே தள்ளி மேலே ஏறி உட்காரலாம், கையை முறுக்கலாம். இப்போது நம் நாட்டிலும் இதற்கு மவுசு அதிகம். 2024 ஜூன் மாதம் பூஜா தோமர் யு.எஃப்.சி. போட்டியில் ஜெயித்து, அங்கே ஜெயித்த முதல் இந்தியர் ஆனார். ஜிம்மில் ஒரு சின்னப் போட்டி வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. இரண்டு பிரிவு. அண்ணன் என்னிடம் வந்தார்.

"ஏன்டா தம்பி, படிக்கறவன் நீ, சொல்லு. குத்து எதுல பலம்? பாக்ஸிங்லயா, எம்.எம்.ஏ.லயா? எதுல அடி வாங்கறது கம்மி?"

இரண்டாவது கேள்விதான் நிஜமான கேள்வி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் 'பலம்' என்றால் என்ன? டீக்கடையில் ஒரே வார்த்தை. நம் பாடப்புத்தகத்தில் அதுவே நாலு வார்த்தை: விசை, உந்தம், ஆற்றல், திறன். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்ததை இங்கே வந்து இங்கிலீஷில் படித்தபோதுதான் நாலும் வேறு வேறு என்று எனக்கே உறைத்தது.

எண்களைப் பார்ப்போம். 2005-ல் அமெரிக்காவில் ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்களை, கருவிகள் பொருத்திய பொம்மைத் தலையில் குத்தவைத்து அளந்தார்கள். கையின் வேகம் சராசரியாக வினாடிக்கு 9.14 மீட்டர். குத்துக்குப் பின்னால் நிற்கும் 'பயனுறு நிறை' 2.9 கிலோ. விசை 3427 நியூட்டன். பயனுறு நிறை என்பது கையின் எடை அல்ல. மோதும் நொடியில் கையோடு சேர்ந்து உடம்பு எவ்வளவு எடையைக் கொடுக்கிறதோ அது.

இப்போது நம் கணக்கு. 2.9-ஐ 9.14-ஆல் பெருக்கினால் உந்தம் சுமார் 26.5. ஆற்றல், அதாவது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 121 ஜூல். இது பெரிதா சிறிதா? நம் லேபில் ஐசாட் டெஸ்டுக்கு ஊசலாடும் சுத்தியல் இருக்கிறதே, அது 168 ஜூல். சார்ப்பி டெஸ்டுக்கு 300 ஜூல். ஒலிம்பிக் வீரரின் குத்து நம் லேப் சுத்தியலைவிடக் குறைவுதான்! இன்னும் கேளுங்கள். 50 கிலோ நூல் மூட்டையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி லாரியில் வைக்கும் சுமைதூக்கும் அண்ணன் செலவழிக்கும் ஆற்றல் 490 ஜூல். நாலு குத்துக்குச் சமம். ஒரு நாளைக்கு அவர் எத்தனை மூட்டை தூக்குகிறார்!

அப்புறம் ஏன் மூட்டை தூக்குவதில் யாரும் மயங்கி விழுவதில்லை? நேரம்தான் காரணம். மூட்டை ஏற ஒரு வினாடியாவது ஆகும். குத்து கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 1985-ல் இங்கிலாந்தில் ஃபிராங்க் புரூனோ என்ற ஹெவிவெயிட் வீரரின் குத்தை அளந்தபோது, கை பட்ட 14 மில்லிசெகண்டுக்குள் விசை உச்சத்துக்குப் போய்விட்டது. உச்சம் 4096 நியூட்டன், அதாவது நானூறு கிலோவுக்கும் மேலான எடை, ஒரு துளி நேரத்துக்கு. 121 ஜூலை 14 மில்லிசெகண்டில் இறக்கினால் திறன் 11 குதிரைசக்திக்கு மேல் வருகிறது. நம் பட்டறை லேத் மோட்டாரே 3 ஹெச்.பி.தான்.

புரூனோவின் குத்து எதற்குச் சமம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. மெத்தை வைத்த 6 கிலோ மரச்சுத்தியல் மணிக்கு 20 மைல் வேகத்தில் வந்து இடிப்பது போல என்றார்கள். மரச்சுத்தியல்! எங்கள் ஊர்க் கொட்டாப்புளி. அதைப் படித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போனேன்.

பட்டறையில் இரண்டு விதச் சுத்தியலும் உண்டு. தகட்டை மெதுவாக வளைக்கக் கொட்டாப்புளி. தழும்பு விழாது. இழுத்து வடிவம் கொண்டுவர இரும்புச் சுத்தி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி விழும். "ரெண்டுலயும் ஒரே வேகத்துல அடிச்சா எதுப்பா பலம்?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "பலம் என்ன சாமி பலம்? அடி ஒண்ணுதான். எடம்தான் வேற. இரும்பு ஒரு புள்ளியில எறங்கும், மரம் பரவி எறங்கும்."

என் கட்டுரையில் பாதி இதுதான். எம்.எம்.ஏ. கையுறை சுமார் 4 அவுன்ஸ், 113 கிராம். எதிராளியைப் பிடிக்க வேண்டுமே என்று விரல்களைத் திறந்து விட்டிருப்பார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ், அமெச்சூரில் 10 அல்லது 12. பஞ்சு தடிமனாக இருந்தால் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, மோதும் பரப்பு பெரிதாகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. இன்னொன்று, கை நிற்க ஆகும் நேரம் கொஞ்சம் கூடுகிறது. அதே 26.5 உந்தம் 10 மில்லிசெகண்டில் நின்றால் சராசரி விசை 2650 நியூட்டன். 20 மில்லிசெகண்டில் நின்றால் 1325. உந்தம் மாறவில்லை, விசை பாதியாகிவிட்டது. கிணற்றில் குதிப்பதற்கும் களத்தில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். "சுத்தியை எப்பவும் இறுக்கிப் பிடிக்காத. தூக்கும்போது விடு, எறங்கும்போது விடு, தகட்டுல படும்போது மட்டும் இறுக்கு. இல்லீன்னா சாயங்காலம் கை இருக்காது." பழைய ஆட்கள் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன். பிறகு 2010-ல் கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் என்பவரின் குழு எம்.எம்.ஏ. வீரர்களை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். தசைகளில் மின்முனை ஒட்டிப் பார்த்தார்களாம். நல்ல வீரரின் உடம்பு அடியைத் தொடங்கும்போது ஒருதரம் இறுகுகிறது, நடுவில் தளர்கிறது, படும்போது மறுபடி இறுகுகிறது. நடுவில் தளர்ந்தால்தான் வேகம். கடைசியில் இறுகினால்தான் உடம்பு எடை கூட வரும், அதாவது பயனுறு நிறை. அப்பா படித்தது நாலாவது வரைக்கும்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே எடையுள்ள இரண்டு பேர், ஒருவர் குத்துச்சண்டை, ஒருவர் எம்.எம்.ஏ. யார் குத்தில் உந்தம் அதிகம்? பெரும்பாலும் குத்துச்சண்டைக்காரருக்குத்தான் என்பது என் முடிவு. கை பெரிது என்பதால் அல்ல, காலால்.

1985-ல் சோவியத் நாட்டில் 120 வீரர்களைப் பரிசோதித்த ஃபிலிமோனோவ் என்பவர், குத்தின் விசை உடம்பில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டினார். தேர்ந்த வீரர்களுக்குக் காலிலிருந்து 38 சதவீதம், இடுப்பும் உடம்பும் 37, கை வெறும் 24. கற்றுக்குட்டிகளுக்குக் கால் 16 சதவீதம்தான், கை 38. நம்மைப் போன்றவர்கள் கையால் குத்துகிறோம், அவர்கள் தரையால் குத்துகிறார்கள்! 2000-ல் வெளியான இன்னொரு அளவீட்டில், சிறந்த வீரர்களின் பின்கைக் குத்து 4800 நியூட்டன், புதியவர்களுடையது 2381. பாதி!

எம்.எம்.ஏ. வீரருக்கு இந்தக் கால் முழுசாகக் கிடைப்பதில்லை. பின்காலைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முழு எடையையும் முன்னால் கொடுத்துக் குத்தினால் எதிராளி குனிந்து அந்தக் காலையே வாரிவிடுவான். அல்லது முன்காலில் ஓர் உதை விழும். அதனால் அவர் எப்போதும் கொஞ்சம் எடையைப் பின்னால் மிச்சம் வைத்தே நிற்க வேண்டும். தூரமும் அதிகம், ஏனென்றால் கையைவிடக் கால் நீளம். குத்துச்சண்டைக்காரருக்கு வாரிவிடுவார்கள் என்ற பயம் கிடையாது. இரண்டு கையை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஒரே வேலையைச் செய்கிறார். சிங்கர் மிஷினில் மட்டும் உட்காரும் டைலருக்கும், சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் பார்க்கும் டைலருக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாமவர் கெட்டிக்காரர்தான். ஆனால் சிங்கரில் முதலாமவரின் கை ஓடாது என்று சொல்ல முடியுமா?

விதிவிலக்கு உண்டு. கேமரூன் நாட்டு பிரான்சிஸ் நகன்னு, யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். அவருடைய குத்தை ஒரு கருவியில் அளந்து 1,29,161 என்று அறிவித்து, கார் மோதுவதற்குச் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். 1,29,161 என்ன? நியூட்டனா, ஜூலா? அந்தக் கருவியின் சொந்த 'யூனிட்'! நம் லேபில் அலகு போடாமல் விடை எழுதினால் அரை மார்க் போய்விடும். அவர்களுக்கு உலக சாதனையே கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. 2023 அக்டோபரில் ரியாத் நகரில், குத்துச்சண்டை விதிப்படியே, உலகச் சாம்பியன் டைசன் ஃபியூரியை மூன்றாவது ரவுண்டில் கீழே விழவைத்தார். பத்து ரவுண்டு முடிந்து, நடுவர்களின் பிளவுத் தீர்ப்பில்தான் தோற்றார். எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் ஆண்டனி ஜோசுவா வந்தார். நகன்னு மூன்று முறை விழுந்தார். இரண்டாவது ரவுண்டோடு முடிந்தது. பின்கையும் பின்காலும் ஒரே கோட்டில் வந்த அந்தக் கடைசிக் குத்தை அண்ணனும் நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய குத்துச்சண்டை வீரர் ரே மெர்சர், 2009-ல் தன் 48-வது வயதில் எம்.எம்.ஏ. விதிப்படி, எம்.எம்.ஏ. கையுறையோடு, முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் டிம் சில்வியாவை ஒன்பதே வினாடியில் சாய்த்தார். குத்துச்சண்டைக்காரரின் காலும் எம்.எம்.ஏ. கையுறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் டோனி என்ற பெரிய குத்துச்சண்டை வீரர் எம்.எம்.ஏ.வுக்குள் போனார். ராண்டி கூட்டூர் காலை வாரித் தள்ளி, முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெரித்து ஒப்புக்கொள்ள வைத்தார். 1993-ல் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு குத்துகூட விடாமல் தோற்றுப்போனார். குத்து எவ்வளவு பலமாக இருந்தாலும் அதை விட நிற்க இடம் வேண்டுமே!

இதையெல்லாம் வாயால் சொன்னால் அண்ணன் நம்பவில்லை. "கணக்கு சரிடா. கண்ணுல காட்டு" என்றார். காட்டினேன்.

நம் ஊரில் பஞ்சத்துக்கும் பஞ்சமில்லாத சரக்கு கட்டிங் வேஸ்ட். ஒரு கோணிச்சாக்கில் பனியன் வேஸ்ட்டை அடைத்து, எடைக்கடையில் 30 கிலோ சரிபார்த்து, வீட்டு வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கிளையிலிருந்து மூட்டையின் நடு வரை 2 மீட்டர். மூட்டையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை மரப்பலகைமேல் ஓடவிட்டேன். மூட்டை எவ்வளவு தூரம் பின்னால் போகிறதோ அவ்வளவு நூல் இழுபடும். நம் புத்தகத்தில் துப்பாக்கிக் குண்டின் வேகம் அளக்கிற ஊசல் கணக்கு இருக்கிறதே, அதேதான். குண்டுக்குப் பதில் அண்ணன். இழுபட்ட தூரத்தை 2.2-ஆல் பெருக்கினால் மூட்டையின் வேகம், அதை 30-ஆல் பெருக்கினால் உந்தம்.

முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து கையால் மட்டும் குத்தினார். 17 சென்டிமீட்டர். பிறகு நின்று, பின்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, 12 அவுன்ஸ் கையுறையோடு குத்தினார். 30 சென்டிமீட்டர். உந்தம் சுமார் 20. ஒலிம்பிக் வீரரின் 26.5 எங்கே, ஓவர்லாக் டைலரின் 20 எங்கே என்று சிரிக்காதீர்கள், எனக்கு 13-ஐத் தாண்டவில்லை! அப்புறம் கையுறை இல்லாமல், துணிப்பட்டை மட்டும் சுற்றிக்கொண்டு. 29 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சிறிய கையுறையால் மூட்டை அதிக தூரம் போகவில்லை.

ஆனால் தழும்பு வேறு. கட்டிங் டேபிளில் கோடு போடும் சாக்கைப் பொடித்துக் கையில் தடவிக் குத்தச் சொன்னேன். கையுறை விட்ட தடம் உள்ளங்கை அகலம். வெறுங்கையின் தடம் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் அளவு, ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக. அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னேனே" என்று போய்விட்டார்.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. லேபில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? மூன்று ரீடிங் எடு, சராசரி போடு. கையுறைக்கு மூன்று எடுத்தாயிற்று. வெறுங்கைக்கு இரண்டு. "இன்னொண்ணே ஒண்ணுண்ணா" என்றேன். அண்ணன் வியர்த்துப்போயிருந்தார், காலையிலிருந்து குத்துகிறார். சரி என்று விட்டார். மணிக்கட்டு சற்றுத் திரும்பி, சுண்டுவிரல் மொளி மூட்டையின் தையல் முடிச்சில் மோதியது. சத்தம் எனக்கே கேட்டது. நூலை அளக்க நான் பலகைப் பக்கம் ஓடினேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளங்கையில் சுண்டுவிரலுக்கு நேரான எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. டாக்டர்கள் இதை 'பாக்ஸர் முறிவு' என்றே சொல்கிறார்கள். பெயர்தான் பாக்ஸர். பழகிய பாக்ஸருக்கு இது அவ்வளவாக வராது, அவர் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் உள்ள மொளிகளில்தான் குத்துவார். கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்கும் பழகாதவர்களுக்கும்தான் அதிகம் வரும். கட்டுப் போட்டு ஆறு வாரம். ஓவர்லாக்கில் துணியை ஓட்டிவிடுவது கைதான். பீஸ் ரேட்டில் கை இல்லை என்றால் பீஸ் இல்லை. ஆறு சனிக்கிழமை.

நான் கணக்கில் விட்டது இதைத்தான். நியூட்டனின் மூன்றாம் விதி பள்ளிக்கூடப் பாடம். மூட்டைக்கு எவ்வளவு விசையோ, கைக்கும் அவ்வளவே. தடம் இரண்டு நாணய அளவு என்று மூட்டைப் பக்கம் நின்று எழுதினேன். அதே இரண்டு நாணய அளவில்தான் கை எலும்பும் அதை வாங்குகிறது என்று எழுதவில்லை.

அந்த ஆறு வாரத்தில்தான் கையுறையின் கதையைத் தேடிப் படித்தேன். கையுறை வந்தது எதிராளியின் முகத்துக்காக என்று நாம் நினைக்கிறோம். முதலில் அது காப்பாற்றுவது குத்துகிறவன் கையை. குத்துச்சண்டையில் கையுறையை விதியாக்கிய குயின்ஸ்பெரி விதிகள் 1867-ல் வந்தன. வெறுங்கையில் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டச் சண்டை 1889-ல், அமெரிக்காவில். ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரைனும் கொளுத்தும் வெயிலில் 75 ரவுண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள். எப்படி முடிந்தது? மண்டையில் முழுப் பலத்தோடு குத்தினால் கை உடையும், அதனால் அளந்துதான் குத்துவார்கள். அன்று ஆள் விழுந்தால் ரவுண்டு முடிந்துவிடும் என்பதும் உண்டு. கையுறை வந்த பிறகு கைக்குப் பயமில்லை. தலையில் எத்தனை வேண்டுமானாலும் குத்தலாம். யு.எஃப்.சி.யிலும் 1997 வரை கையுறை கட்டாயமில்லை.

தலைக்கு உள்ளே நடப்பது இதைவிட மோசம். மூளை மண்டைக்குள் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது மூளை பின்தங்குகிறது, உள்ளே இழுபடுகிறது. பஞ்சு தோலைக் காப்பாற்றும், கண்ணுக்கு மேல் கிழியாமல் காப்பாற்றும். தலை திரும்புவதை அதனால் நிறுத்த முடியாது, ஏனென்றால் உந்தம் அப்படியே இருக்கிறது. நம் மூட்டை 29-க்கும் 30-க்கும் நகர்ந்தது இதைத்தான் சொல்கிறது. குத்துச்சண்டை வீரர்களுக்கு வயதானபின் வரும் தடுமாற்றத்தை மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதிவிட்டார்.

2015-ல் கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழக டாக்டர்கள், சண்டை முடிந்ததும் செய்யும் மருத்துவப் பரிசோதனைகளைப் பத்து வருஷத்துக்கு மேல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏதாவது காயத்தோடு வெளியே வந்தவர்கள் எம்.எம்.ஏ.வில் 59 சதவீதம், குத்துச்சண்டையில் 50. ஆனால் நினைவிழந்தவர்கள் குத்துச்சண்டையில் 7 சதவீதம், எம்.எம்.ஏ.வில் 4. கன்றிப்போவது போன்ற சின்னக் காயங்கள் அங்கே அதிகம், மயக்கம் இங்கே அதிகம். காரணம் யோசித்தால் தெரிகிறது. எம்.எம்.ஏ.வில் பாதி நேரம் பிடியில் போகிறது. தலையில் அடி வாங்கித் தடுமாறினால் எதிராளி மேலே பாய்வான், நடுவர் நிறுத்திவிடுவார். குத்துச்சண்டையில் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் போதும், மறுபடியும் குத்து வாங்க அனுமதி உண்டு.

அதற்காக எம்.எம்.ஏ. சாது என்று எண்ண வேண்டாம். கீழே கிடப்பவன் மேல் உட்கார்ந்து குத்துகிறார்களே, அதில் குத்துகிறவனுக்குக் கால் இல்லை, உந்தம் குறைவு. ஆனால் வாங்குகிறவன் தலைக்குப் பின்னால் தரை. கொடியில் தொங்கும் பனியனைக் குத்துவதும் அதையே மேஜையில் போட்டுக் குத்துவதும் ஒன்றா?

கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் இவ்வளவையும் ஒரு நாள் சாயங்காலம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டுலயும் அடி வாங்கறது கம்மி இல்லீங்கறே."

"இல்லீங்ணா. எங்க வாங்கறோம்கறதுதான் மாறுது."

"இதைச் சொல்ல எங்கையை ஒடச்சியாக்கும்?"

பெரியம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணன்தான் சிரித்துவிட்டார். ஐந்தாம் பருவக் கட்டணத்துக்கு அந்த முறை அவர் பணம் வரவில்லை. நான் விடுமுறையில் ஒரு மாதம் செக்கிங்கில் நின்று கட்டினேன். அதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

ஜிம்மின் போட்டி அண்ணன் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. பார்க்க இருவரும் போனோம். இப்போது அவர் ஞாயிறு காலையில் 12 அவுன்ஸ் கையுறையோடுதான் மூட்டையைத் தொடுகிறார், அதற்கு முன் உள்ளே பட்டையை முறையாகச் சுற்றிக்கொள்கிறார். மூட்டையின் முடிச்சைப் பின்பக்கம் திருப்பித் தைத்துவிட்டேன். என் நோட்டில் வெறுங்கைக்கான மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கிறது. இரண்டு ரீடிங்கின் சராசரியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.